பப் வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

இங்கிலாந்தில் மலைநடைக்கு ஆள் சேர்க்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோடை பிறந்ததும் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்துவிடுகிறது: 'கிண்டர் ஸ்கவுட் மலைநடை, லண்டனிலிருந்து காலை 9 மணிக்குப் பேருந்து, முடிவில் பப்.' பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் உள்ள அந்த மலையின் உயரம் 636 மீட்டர் என்றும், தலைக்கு எவ்வளவு என்றும் அதில் இருக்கும். எத்தனை மணிக்கு இறங்கி வருவோம், அந்த நேரத்தில் பப்பின் அடுப்பு எரியுமா என்பது இருக்காது. 9 மணிக்குக் கிளம்பும் பேருந்து மலையடிவாரத்து ஈடேல் ஊரை அடைய மதியம் 1 மணி ஆகிவிடும். அதன் பிறகு அந்த மலையில் முழுச் சுற்று நடப்பது சித்திரை வெயிலில் பந்தலைப் பிரித்துவிட்டு விருந்து வைப்பதைப் போல.

கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கிராமத்துப் பப்கள் பலவற்றில் மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையை மூடிவிட்டு மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். இரவும் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிடுவார்கள். பத்துப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் மேசை கிடைக்காது. ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: சமையல் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சேற்று பூட்ஸோடு எந்த அறைக்குள் வரலாம். பிறகு, ரயிலில் வருவதாக இருந்தால், திரும்பும் ரயில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈடேல் நிலையம் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையிலான ஹோப் வேலி தடத்தில் இருக்கிறது. விரைவு ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் குளிரில் நிற்க வேண்டும்.

இனி நடை. முதல்முறை வருவோருக்கு ஏற்றது இந்தச் சுற்று: நிலையத்திலிருந்து வயல்வழியே அப்பர் பூத், அங்கிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்படிகள், மேலே ஏறியதும் வலப்பக்கம் திரும்பிக் கிண்டர் லோ, பிறகு தெற்கு விளிம்போடு நோ ஸ்டூல், பிம் சேர், வுல் பேக்ஸ் பாறைகள், க்ரௌடன் டவர், கிரிண்ட்ஸ்லோ நோல், கடைசியாக ஓல்ட் நாக்ஸ் ஹெட் பப்பின் வாசல். 268 மைல் நீளமுள்ள பென்னைன் வே நடைபாதை 1965 முதல் தொடங்குவதும் அதே வாசலில்தான்.

ஏறத்தாழ 15 கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டர். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்றுக்கு 3 மணி 50 நிமிடம் வரும். அது உடல் தேறிய ஒருவர் எங்கும் நிற்காமல் நடக்கும் கணக்கு. பத்துப் பேர் குழுவில் ஒருவர் பூட்ஸ் கயிறு கட்டுவார், ஒருவர் செம்மறியைப் படமெடுப்பார், வேலிக் கதவு ஒவ்வொன்றையும் கடக்கவே இரண்டு நிமிடம் போகும். பாதியை மேலே கூட்டுங்கள், சாப்பாட்டுக்கு அரைமணி சேருங்கள். ஆறேகால் மணி நேரம். காலை 10 மணிக்கு நிலையத்தில் நடக்கத் தொடங்கினால் மாலை நாலேகாலுக்குப் பப். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் தலைவிளக்கு இல்லாமல் யாரையும் கூட்டி வராதீர்கள். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் அதில் மின்சாரம் இருக்காது.

திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்: மதியம் 1.30க்குள் கிண்டர் லோவின் வெள்ளை நில அளவைத் தூணை எட்டாவிட்டால், வந்த ஜேக்கப்ஸ் லேடர் வழியே இறக்கம். மேலே போய் முடிவெடுக்கலாம் என்று விட்டால், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற பேச்சுதான் ஜெயிக்கும். அந்தத் தூண் 633 மீட்டரில் நிற்கிறது. உண்மையான உச்சி 3 மீட்டர் கூடுதலாக, அடையாளமே இல்லாமல் சேற்றுக்கு நடுவில் எங்கோ கிடக்கிறது. அதைத் தேடப் போவது வீண் வேலை என்பது எங்கள் கருத்து.

கிண்டரில் வழி தவறுவது ஏன் என்று புரிந்தால் பாதி ஆபத்து குறையும். இது கூம்பு மலையல்ல. மேலே தட்டையான மேடு. பீட் என்னும் கறுத்த ஈரமண்ணை நீர் அரித்து, ஆள் மறையும் ஆழத்துக்கு ஓடை ஓடையாக வெட்டியிருக்கிறது. மேகம் இறங்கினால் எல்லா ஓடையும் பாதையாகத் தெரியும். நேரே நடப்பதாக நினைத்துக்கொண்டு வட்டமடிப்பீர்கள். கிண்டர் லோவிலிருந்து ஈடேல் ராக்ஸ் பாறைவரை திரும்பி வந்து கிழக்கே திரும்பியதும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பள்ளத்தாக்குச் சரிவு எப்போதும் வலக்கைப் பக்கம். சரிவு காணாமல் போனால் மேட்டுக்குள் புகுந்துவிட்டீர்கள் என்று பொருள். நின்று திசைகாட்டியைப் பாருங்கள். 1:25,000 அளவில் ஆர்ட்னன்ஸ் சர்வே ஓஎல்1 வரைபடம் காகிதத்தில் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். க்ரௌடன் ஓடையைக் கடக்கும் இடத்தில் கீழே அப்பர் பூத் தெரியும், குறுக்குவழி என்று ஆசை காட்டும். அது பாறைகளில் கையூன்றி இறங்கும் வழி, மழையில் வேண்டாம்.

குழுவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். நாற்பது பேர் வந்தால் நான்கு குழு, ஒவ்வொன்றுக்கும் வழி தெரிந்த ஒருவர் முன்னால், பொறுமையான ஒருவர் பின்னால். நின்று காத்திருக்கும் முன்வரிசை, கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியே நடையைக் கட்டிவிடுகிறது. இளைப்பாற மிகத் தேவையுள்ளவருக்கு ஓய்வே இல்லை. அவர் வந்த பிறகு ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும், காயவும் காயாது. மழைச்சட்டையும் மழைக்கால்சட்டையும் ஜூலையிலும் பையில் இருக்க வேண்டும். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளியோதரைக்கு நிகர் இல்லை. கெடாது, ஒழுகாது, உப்பும் காரமும் உடம்புக்குப் பிடிக்கும். ரோல்ஸும் நல்லதுதான். தயிர்சாதத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், காற்றடிக்கும் பாறையில் அதைத் தின்றால் பல் கிட்டிக்கும்.

பார்பிக்யூ தட்டைக் கொண்டுவர வேண்டாம் என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, தனியார் நிலத்தில் நடக்கும் உரிமை கேட்டு, பென்னி ராத்மனும் தோழர்களும் ஹேஃபீல்டிலிருந்து இந்த மேட்டில் தடையை மீறி ஏறி, ஐந்து பேர் சிறை போனார்கள். இப்படித் திறந்த நிலத்தில் நடக்கும் உரிமை சட்டமானது 2000இல். அதே சட்டம் அங்கே தீ மூட்டுவதை விலக்குகிறது. பீட் மண்ணில் பிடித்த தீ மண்ணுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்று பரவும்.

யாராவது கணுக்கால் பிசகி நடக்க முடியாமல் போனால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் ஆறு இலக்கக் கட்ட எண்ணைத் தயாராக வைத்திருங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கிரிண்ட்ஸ்லோ நோலிலிருந்து கடைசி 350 மீட்டர் இறக்கம் செங்குத்தானது. கால் சோர்ந்து, மனம் முன்கூட்டியே பப்புக்குள் போய்விட்ட நேரம் அது, வேகத்தைக் குறையுங்கள்.

பப் என்றதும் டாஸ்மாக்கை நினைத்து அம்மாக்களையும் பிள்ளைகளையும் பேருந்திலேயே உட்கார வைக்காதீர்கள். பகலில் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு போகும் இடம் அது. சிறுவர்களை அனுமதிக்கும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சட்டையும் காய்ந்த காலுறையும் பையில் வைத்திருந்து, உட்காரும் முன் மாற்றுங்கள். உட்கார்ந்தபின் வரும் நடுக்கம் மலையில் வந்ததைவிட மோசம். முதலில் அரை லிட்டர் தண்ணீர், பிறகு மற்றது. கவுண்டருக்குப் போய்ச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரே ரவுண்டு என்று தொடங்கினால் கடைசி ஆள் பணம் கட்டுவதற்குள் ரயில் போய்விடும், மூவர் நால்வராகப் பிரியுங்கள். வண்டி ஓட்டுபவருக்கு எலுமிச்சை சோடா.

சைவர்கள் சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், மீன் பொரித்த எண்ணெயாகவே இருக்கலாம். ஏல் பை (ஏல் என்னும் பீர் சேர்த்த அடைப்புப் பண்டம்) என்றால் உள்ளே மாட்டிறைச்சி இருக்கக்கூடும். பீப்பாய் ஏல் சிலவற்றைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுண்டு, அதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்த அறிவிப்பில் 'காலை 9 மணி' என்ற வரியை 'காலை 5.30' என்று திருத்துங்கள். முடியாதென்றால் முதல் நாள் இரவே ஷெஃபீல்டில் தங்குங்கள்.

இப்படிக்கு,
கிண்டர் மேட்டில் நடப்பவர்கள்