பழகிப்போன சாலை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

"ரோட்டை அகலமாகப் போட்ட பிறகுதான் விபத்து கூடியிருக்கிறது, இது என்ன கூத்து?" என்று கேட்டிருந்தாய். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவனுக்கு செல்போன் நினைவு வருமா? அவனே அகலமான நேர் ரோட்டுக்கு வந்ததும் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. போர்டு 50 என்கிறது, ரோடு 90 என்கிறது. நாம் ரோடு சொல்வதைத்தான் கேட்கிறோம்.

ஸ்வீடன் சங்கதி தெரியுமா? 1967 செப்டம்பர் 3, ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு, அதுவரை இடப்பக்கம் ஓட்டிய நாடு மொத்தமும் வலப்பக்கம் மாறியது. 1955 வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்று சொன்ன மாற்றம் அது. விபத்து பெருகும் என்று பயந்தார்கள், குறைந்தது! வேக வரம்பைத் தற்காலிகமாகக் குறைத்திருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் தடுமாற்றத்தில் ஒவ்வொருவரும் இரண்டு தரம் பார்த்து ஓட்டினார்கள். அப்புறம் என்ன, இரண்டு வருடத்துக்குள் பழகிவிட்டது, விபத்தும் பழைய அளவுக்கே வந்துவிட்டது.

நெதர்லாந்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன் அந்தத் தடுமாற்றத்தை ரோட்டிலேயே கட்டிவைக்கப் பார்த்தவர். டிராக்டன் நகரில் தினம் சுமார் 20,000 வண்டிகள் கடக்கும் சந்திப்பில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா ஆக்கினார். ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் போக வேண்டும். பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவந்து, வண்டிகளுக்கு நடுவே பின்பக்கமாக நடந்து காட்டுவாராம், மனுஷனுக்குக் கொழுப்புதான்! கண்ணோடு கண் பார்த்துப் போகிற ஏற்பாடு கண் தெரியாதவர்களுக்கு உதவாது. இந்த மாதிரி வடிவமைப்பைப் பார்வையற்றோர் அமைப்புகள் எதிர்த்தது நியாயம்தான்.

அதனால் அவர் சொன்னதை முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊருக்கு 'விபத்துப் பகுதி' போர்டு கேட்காதே, ஒரு மாதத்தில் கண்ணுக்கே படாது. ஊர் தொடங்கும் இடத்தில் ரோட்டைக் குறுக்கி, ரவுண்டானாவும், நடந்து கடக்கச் சரியான இடமும் கேள். எவ்வளவு பழகினாலும் ரவுண்டானாவில் 90-இல் போக முடியாது, வண்டி திரும்பாது.

மனு எழுதினால் முதலில் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ராமு