வைரஸை நாங்கள் கைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வேளாண் பகுதியில் மரபணு மாற்றிய வைரஸ்களைப் பற்றி வந்த கட்டுரையில், புழு சாக ஒரு வாரம் வரை ஆவதால் பொறுமையிழந்த விவசாயிகள், பயிர்ப் புழுக்களை நோய்வாய்ப்படுத்திக் கொல்லும் என்.பி.வி. வைரஸைக் கைவிட்டுவிட்டார்கள் என்று போகிற போக்கில் எழுதப்பட்டிருந்தது. கேட்ட நேரத்தில் கைக்கே வராத மருந்தைக் கைவிடும் பேறு எங்களுக்கு எப்போது வாய்த்தது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

நிலக்கடலையில் இலை தின்னும் புரோடீனியா புழு இறங்கிய பருவத்தில் எனக்குக் கடையில் தரப்பட்டது காலாவதியான புட்டி. அதுவும் வெயில் விழும் அலமாரியில் இருந்தது. புற ஊதாக் கதிர் பட்டால் செயலிழக்கும் என்பதால்தான் இந்த வைரஸை மாலையில் தெளிக்கச் சொல்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பிறகு, பக்கத்து வயலில் நோய் கண்டு செடி நுனியில் தலைகீழாகத் தொங்கிச் செத்த புழுக்களைப் பொறுக்கி, அரைத்து, வடிகட்டித் தெளித்துத்தான் பயிரைக் காப்பாற்றினேன்.

1990-இல் கலிபோர்னியாவில் புரூஸ் ஹாமக் என்ற ஆய்வாளரின் குழுவினர், புழுவைப் புழுப் பருவத்திலேயே வைத்திருக்கும் இளம்பருவ ஹார்மோனைச் சிதைக்கும் எஸ்டரேஸ் நொதியின் மரபணுவை வைரஸில் சேர்த்து, புழு இலை தின்பதை முன்னதாகவே நிறுத்த முயன்றார்கள். அந்த அறிவைக் குறை சொல்ல நான் யார்? இங்கிலாந்தில் முட்டைக்கோஸ் வயலில் புழுவை விரைவில் கொல்லத் தேள் நஞ்சின் மரபணுவை ஏற்றிய வைரஸைத் தெளித்தபோது இலைச் சேதம் சுமார் கால் பங்கு குறைந்ததைக் கட்டுரை கொண்டாடுகிறது. ஆனால் 1994-இல் வெளியான அதே ஆய்வில், புழுவிலிருந்து அடுத்த புழுவுக்கு நோய் பரவுவதும் குறைந்ததாகத் தெரிந்தது என்பதை ஏனோ விட்டுவிட்டது. விரைவில் சாகும் புழுவின் உடலில் வைரஸ் பெருக நேரமேது? நாங்கள் அடுத்த தெளிப்புக்கு நம்பியிருப்பதே, மெதுவாகச் சாகும் அந்தக் கொழுத்த புழுவைத்தான்.

1987-இல் ஆந்திரப் பருத்தியில் பச்சைக் காய்ப்புழுவுக்குப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் பலிக்காமல் போனபோதும், விவசாயி அளவு தெரியாமல் அடித்தான் என்ற பேச்சுத்தான் எங்களுக்கு மிஞ்சியது. கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுத்ததைத்தான் அடித்தோம் என்று சொல்ல அன்றும் ஆளில்லை. இன்று பொறுமையில்லாதவர்கள் என்ற பட்டம். நல்லது, அதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

அடுத்த பருவத்துக்கு முன்பாவது, தரமான என்.பி.வி. எங்கே கிடைக்கும், எக்டருக்கு எவ்வளவு தெளிக்க வேண்டும், புட்டியில் எந்தத் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நிலக்கடலை விவசாயி ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.