தலையணை தைத்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

பெண்கள் பண்டிகையில் நாங்கள் போட்ட ஆன் ஜட்சன் அம்மாள் நாடகம், மைக் இரண்டு தடவை கழுத்தறுத்ததைத் தவிர, நல்லபடியாக முடிந்தது. மேடையில் நன்றி சொல்வதற்குள் அசனத்துக்கு இலை போட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் தையல்கார அக்காவுக்கு. "யாருமே ஆசைப்படாத மாதிரி ஒரு தலையணை வேண்டும்" என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கதை அப்படி. 1824 ஜூனில், பர்மாவுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடக்கும்போது, பர்மியத் தலைநகர் ஆவாவில், ஆன் அம்மாளின் கணவரான அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் அடைத்தார்கள். அவர் பர்மிய மொழியில் எழுதிவைத்திருந்த புதிய ஏற்பாட்டை ஆன் அம்மாள் முதலில் மண்ணில் புதைத்தார். மழையில் நைந்துவிடும் என்று பயந்து, அப்புறம் ஒரு கட்டாந்தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். அதற்கும் ஒரு காவலாள் ஆசைப்பட்டான்! நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. அக்கா தேங்காய் நாரைத் திணித்துத் தந்தார். தலை வைத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதுதான் எனக்கு வேண்டும்.

ரங்கூனில் பிறந்து அகதியாக வந்த பாட்டிக்கு நன்றி. எல்லோருக்கும் பர்மா மாதிரி கைலி கட்டிவிட்டதும், ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஒத்திகைக்கு அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) வந்தது.

ஆன் தம்பதி 1813இல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியது நம் மதராஸ் கரையிலிருந்து என்பதைத் தேடிச் சொன்ன வாத்தியார் அண்ணனுக்கும் நன்றி. அந்தக் கடல் பயணத்தில்தான் அவர்களுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது.

இனி பாடகர் குழுவிலிருக்கும் கைக்குழந்தைக்காரிக்கு. நாடகத்தில் நேர்ந்த திருப்பம் இவரால்தான். ஒத்திகையில், "ஆனுக்குக் காய்ச்சல், பால் வற்றிப்போச்சு, சரி. பிள்ளைக்கு யார் பால் கொடுத்தா?" என்று கேட்டுவிட்டார். நான் ஒரே வரியில் தாண்டிவிட்ட இடம் அது. ஜட்சனைப் பிற்பாடு மாற்றிய ஆங்பென்லே சிறையில் காவலர்களுக்கு ஏதேதோ கொடுத்து வெளியே வர அனுமதி வாங்கி, குழந்தை மரியாவை ஜட்சன் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். பாலூட்டியது அந்த ஊர்த் தாய்மார். ஒருவர் பெயரும் எழுதிவைக்கப்படவில்லை. உடனே அந்தக் காட்சியைச் சேர்த்தோம். அதற்கு இடம் விட, ஆனுக்கு நான் ஆசையாக எழுதிய நீண்ட வசனத்தை வெட்ட வேண்டியிருந்தது. முதலில் எரிச்சல்தான். ஆனால் சபை அழுதது அந்த வசனமில்லாத காட்சிக்குத்தான்.

சாதி ஆசாரத்தை ஒதுக்கிவைத்து அந்தக் குடும்பத்தைக் கவனித்த வங்காளச் சமையல்காரராக வந்தவர் நம் கோயில்பிள்ளை. வசனம் மறந்துபோய் சும்மா கஞ்சி கிண்டிக்கொண்டு நின்றார். பொருத்தமாகவே இருந்தது.

ஆனாக நடித்த தங்கச்சிக்கு வயது 36. 1826 அக்டோபரில் பர்மாவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் ஆன் இறந்தபோது அவருக்கும் 36. கணவர் அருகில் இல்லை. ஆறு மாதத்தில் மரியாவும் போய்விட்டாள். இதை நாடகத்துக்கு முந்தின நாள்தான் தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தலையணையை எடுங்க, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார்.

அந்தத் தலையணை இப்போதும் கோயிலின் வெஸ்ட்ரி அறையில்தான் கிடக்கிறது. இதுவரை யாரும் எடுத்துப்போகவில்லை.