ஆம்ப் செத்துப்போகவில்லை, கண்டென்சர்தான் காய்ந்திருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பல வருடம் ஓடிய காரிலோ, ஒகேனக்கல் சவாரி போகும் டூரிஸ்ட் வேனிலோ இருக்கிற ஆம்ப்ளிபயர் ஒருநாள் கரகரத்தால், அல்லது கோளாறைக் காட்டும் சிவப்பு புரொடெக்ட் லைட் போட்டு நின்றுவிட்டால், கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இதெல்லாம் வேஸ்ட் சார், புதுசு போட்டுடுங்க." மூடியைக் கூடத் திறந்து பார்ப்பதில்லை. எனக்கும் இதே பதில்தான் வந்தது. வீட்டிலேயே திறந்து சரிசெய்தேன், இன்றும் நன்றாகப் பாடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ஆம்பில் முதலில் தேய்வது பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைத்துத் தரும் சின்ன உருளை. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றிவிடும். அதன் மேல் ஆயுள் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், சூடு 10 டிகிரி குறையும்போது ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். நம்மூர் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வருவது அதிசயமில்லை. அதில் சீட்டுக்கு அடியில், மேட்டால் மூடி, காற்றே படாமல் ஆம்பை மாட்டினால் அதன் சொந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

காரின் 12 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் 4 ஓம் ஸ்பீக்கரில் 20 வாட் சொச்சத்துக்கு மேல் சுத்தமான சத்தம் வராது. அதனால் டிஎல்494 மாதிரி ஒரு கட்டுப்பாட்டு ஐசி, சில மாஸ்பெட்டுகள் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்), ஒரு வளைய டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்ந்து அந்த 12 வோல்ட்டை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, பிளஸ் 30, மைனஸ் 30 என்கிற அளவுக்கு உயர்த்துகின்றன. அந்த வெட்டலின் அதிர்வைத் தாங்குவது கண்டென்சர். வற்றிப்போனால் அதன் உள் எதிர்ப்பு ஏறி, அதுவே சூடாகி, கடைசியில் மாஸ்பெட்டையும் இழுத்துக்கொண்டு போகும். சாதாரண மீட்டரில் மைக்ரோபாரட் (கண்டென்சரின் கொள்ளளவு) ஓரளவு சரியாகவே காட்டும், அதை நம்பி விட்டுவிடுகிறார்கள். அந்த உள் எதிர்ப்பை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, கண்டென்சரைப் பிடித்துவைக்க அடித்திருக்கும் பசை சூட்டில் பழுப்பாகி, மின்சாரம் கடத்த ஆரம்பித்து, பக்கத்துப் பாகங்களின் கால்களையும் அரித்துவிடும். அதைச் சுரண்டி எடுக்காமல் புது கண்டென்சர் போட்டுப் பயனில்லை.

புரொடெக்ட் லைட் எரிந்தால் முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிப் பாருங்கள். லைட் அணைந்தால் கோளாறு ஆம்பில் இல்லை, ஸ்பீக்கரிலோ வயரிலோ இருக்கிறது. அணையாவிட்டால் திறந்து பார்க்க வேண்டியதுதான். அப்போதும் நேரடியாக பேட்டரி கொடுக்காமல் பிளஸ் வயரில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் பயமில்லை, பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மாஸ்பெட் ஒன்று போயிருந்தால் அந்த வரிசை முழுவதையும் ஒரே மாதிரி, ஒரே பேட்ச் பார்த்து மாற்றுங்கள், அவற்றை இயக்கும் கேட் காலில் இருக்கும் ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். கண்டென்சர் அதே மைக்ரோபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் என்று கேட்டு வாங்க வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும், ஆனால் டூப்ளிகேட்டும் அங்கேயே கிடைக்கும், விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் நம்பாதீர்கள். போர்டே கருகிக் கரியாகியிருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

என்னால் பொறுக்கவே முடியாதது பியூஸ் விஷயம். 30 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 60 போடுகிறார்கள், சிலர் செம்புக் கம்பியையே சுற்றுகிறார்கள். பியூஸ் போவது உள்ளே ஏதோ ஷார்ட் என்று சொல்வதற்குத்தான். அதை மறித்தால் அடுத்து எரிவது வயர், அப்புறம் வண்டி. அந்த வண்டியில் குடும்பத்தோடு தொப்பூர் கணவாய் இறங்குகிறோம் ஐயா. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் சரியான அளவு பியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இதை வாடிக்கையாளரே பானட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

வண்டிகளையும் எலக்ட்ரானிக் பொருள்களையும் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் துறை 2022-ல் குழுவே அமைத்தது. ஆனாலும் ஒரு ஆம்பின் சர்க்யூட் படம் கேட்டால் கிடைப்பதில்லை. தருமபுரி, ஓசூர் ஐடிஐகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பழைய ஆம்ப்களைக் கொடுத்துத் திறந்து பார்க்க விட்டால் நாளைக்கு அவர்களே நல்ல கடை வைப்பார்கள். அதுவரை கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தை எங்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், எது போனது என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கிருஷ்ணகிரி