மூன்று நாள் பாலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடுகளுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய்த் தடுப்பூசிக்கு மாட்டைக் கொண்டுவராதவர்களை விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2013-இல் ஊசி போட வந்த அன்று மாட்டை வேண்டுமென்றே வயல் பக்கம் ஓட்டிக்கொண்டு போனவள் நான். விழிப்புணர்வெல்லாம் நன்றாகவே இருந்தது. கணக்குதான் தப்பாகிப் போனது.

ஊசி போட்டால் சில மாடுகளுக்கு உடம்பு சுட்டு, இரண்டு மூன்று நாள் பால் குறையும். அந்த வாரம் டீக்கடைக்கும் ஒரு கல்யாண வீட்டுக்கும் பால் ஒப்புக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மழைக்காலத்தில் டெல்டாவில் கோமாரி பரவியது. என் மாடு வாயில் நுரை ஒழுக நின்றது. நாக்குத் தோல் உரிந்து தீவனம் எடுக்கவில்லை, குளம்பிடுக்கில் புண். தேங்காயும் வெல்லமும் சீரகமும் வெந்தயமும் அரைத்து வாயில் தடவினேன், டாக்டரையும் கூப்பிட்டேன். பதினைந்து நாள் கிடேரிக் கன்று தாயிடம் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தது. கன்றுக்கு இதயத்தையே தாக்கும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார்.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினைந்து நாள் பால், எட்டு லிட்டர், அன்று லிட்டர் 20 ரூபாய்: 2,400. வைத்தியம் 3,500. பிழைத்த மாடு வெயில் வந்தால் நாக்கைத் தள்ளி இரைத்தது, பழைய பால் திரும்பவே இல்லை. 28,000-க்கு வாங்கியதைத் தரகரிடம் 9,000-க்குத் தள்ளினேன். கன்றைச் சேர்க்காமல் 24,900 ரூபாய். ஊசி போட்டிருந்தால் மூன்று நாளில் குறைந்து போயிருக்கக்கூடியது ஆறு லிட்டர் பால், 120 ரூபாய்.

என் நஷ்டம் என்னோடு போயிருந்தால் சரி. ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும் மாடுகள். எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் நோய் கண்டது. எந்த வீட்டில் தொடங்கியது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

2019-இல் மத்திய அரசு கோமாரிக்கும், சினை கலையச் செய்யும் கன்று வீச்சு நோய்க்குமாக ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊசி இலவசம், காதில் போடும் மஞ்சள் அடையாள வில்லை இலவசம். மூன்று நாள் பால் மட்டும் எங்கள் கணக்கில். இரண்டு மாடு வைத்திருப்பவளுக்கு அது அந்த வாரத்து மளிகை. பால் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்களுக்குப் பால் பணப் பட்டுவாடாவோடு ஊசிக்கென்று மாட்டுக்கு 200 ரூபாய் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஒளித்து வைக்கிற மாடெல்லாம் தானாக வெளியே வரும்.

ஊசி முகாமைக் காலை பத்து மணிக்கு வைப்பதையும் சொல்ல வேண்டும். அந்நேரம் மாடு மேய்ச்சலில் இருக்கும். விடியற்காலை கறந்து முடித்த கையோடு வந்தால் எல்லா மாடும் கட்டுத்தறியில் நிற்கும்.

என் மாமனார் அந்தக் காலத்தில் மாடுகளைக் கொன்ற வெக்கை நோயைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். என் மகனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. விடாமல் ஊசி போட்டதால் 2011-இல் உலகத்திலேயே அது இல்லை என்று அறிவித்தார்கள். இன்று அதற்கு ஊசிச் செலவும் இல்லை. கோமாரி அவ்வளவு லேசானதல்ல, ஒரு தடவை போட்டால் காலத்துக்கும் காக்காது, ஆறு மாதத்துக்கொரு முறை போட்டாக வேண்டும். அதனால்தான் பாதி மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போவது வருஷா வருஷம் தண்டச் செலவாகிறது.

இப்போது என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்று நிறைசினை. அடுத்த சுற்றில் அதை விட்டுவிடுவார்கள், அது நியாயம்தான். கன்று போட்ட பிறகு அதற்கு ஊசி போட யார், எப்போது வருவார்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் தெரிவித்தால் நல்லது.

ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம்