ராகுவுக்கு இரண்டரை மணித்தியாலம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ, "வெளியில மைனஸ் இருபத்தெட்டு அம்மா, லசான்யா தின்ன ஆசையா இருக்கு, கெதியாச் செய்யிற வழி சொல்லுங்கோ" என்றாய். கெதியாச் செய்யிற வழி கிடையாது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். இந்தக் குளிரில் வினிபெக்கில் ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேறென்ன வேலை?

இங்கே இத்தாலியில், பொலோஞ்ஞாவில், லசான்யாவின் மா ஷீற்றுகளுக்கு நடுவே போடுகிற இறைச்சிக் குழம்புக்குப் பெயர் ராகூ. நான் வந்த புதிதில் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்க, அவர்கள் "ராகூ, ராகூ" என்று கத்துவார்கள், எனக்குக் கிரகம்தான் ஞாபகம் வரும். ராகுகாலமாவது ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், இது அடுப்பில் இரண்டரை மணித்தியாலம் கிடக்கும்.

150 கிராம் பஞ்செத்தாவை, அதுதான் உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சியை, பொடியாக வெட்டிக் கொழுப்பு உருகவிடு. அதில் வெங்காயம், கறட், செலரி, மூன்றும் ஒரே அளவு, குறுணியாக அரிந்து வதக்கு. பிறகு அரைக் கிலோ அரைத்த மாட்டிறைச்சி. இங்கேதான் நீ அவசரப்படுவாய். இறைச்சி முதலில் தண்ணி விடும், அது முழுக்க வற்றி, சட்டி சிர்ரென்று சத்தம் போட்டு, அடியில் நிறம் பிடிக்கும்வரை பக்கத்தில் நில், ஆட்டிறைச்சிப் பிரட்டல் தின்று வளர்ந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் அரைக் கிளாஸ் வைன், அது வற்றியதும் 300 கிராம் தக்காளிக் கூழ், கொஞ்சம் தண்ணி, மிகச் சின்ன நெருப்பு. முடியப் போகிற நேரம் ஒரு கிளாஸ் பால், தக்காளிப் புளிப்பு அடங்கும்.

உள்ளி (வெள்ளைப்பூண்டு) போடாதே. 1982இல் இத்தாலியச் சமையல் அக்கடமி பொலோஞ்ஞா வணிகச் சபையில் இந்த ராகூவைப் பதிவே செய்து வைத்தது, 2023இல் அதைப் புதுப்பித்தபோதும் உள்ளிக்கு இடமில்லை. புகை போட்ட பஞ்செத்தாவும் கூடாதாம், ஆனால் அங்கே பேக்கன்தான் கிடைக்குமென்றால் போடு, உன்னை யார் பிடிக்கப் போகிறார்கள். நான் முதல்தரம் ஆறு பல்லு உள்ளியும் ஒரு கரண்டி மிளகாய்த்தூளும் போட்டுச் செய்து, பெருமையோடு குசினிப் பெரியவருக்குக் கொண்டுபோனேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இதுக்கு வேற பெயர் வை" என்றார்.

அப்பா மாடு தொடமாட்டார், அவருக்குச் சின்னத் தட்டில் கோழி போட்டுத் தனியாக வைப்பேனே, அதில் மட்டும் மிளகாய்த்தூள் தொடர்ந்தது. நீயும் அதைத்தான் களவாகத் தின்பாய், எனக்குத் தெரியும்.

வெள்ளைச் சோசுக்கு 100 கிராம் பட்டரில் 100 கிராம் கோதுமை மாவைப் பச்சை மணம் போக வறுத்து, ஒரு லீற்றர் சூடான பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக் கிண்டு. கட்டி பட்டால் வடிகட்டு, ஒன்றும் குடிமுழுகாது. உப்பு, சாதிக்காய்த் தூள் கொஞ்சம். மொசரெல்லாச் சீஸ் பொலோஞ்ஞாவில் போடுவதில்லை, ரிக்கொட்டாச் சீஸ் தெற்கே நாப்போலிக்காரர் வழக்கம். இங்கே ராகூ, வெள்ளைச் சோஸ், துருவின பார்மிஜானோச் சீஸ், அவ்வளவுதான்.

கடையில் வாங்கும் காய்ந்த ஷீற் தண்ணியை இழுக்கும், அதனால் ராகூ கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். ஷீற், ராகூ, வெள்ளைச் சோஸ், பார்மிஜானோ என்று மாறி மாறி ஐந்து அடுக்கு வைத்து ஓவனில் தள்ளு. 180 பாகை, உன் அடுப்பு பாரன்ஹீட் என்றால் 350. முதல் 25 நிமிடம் அலுமினியத் தாளால் மூடி, பிறகு திறந்து இன்னும் 15 நிமிடம். வெளியே எடுத்தால் 20 நிமிடம் கைவைக்காதே, சூட்டோடு வெட்டினால் எல்லாம் வழிந்து கஞ்சியாகிவிடும்.

எட்டுத் துண்டு வரும். இரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தனித்தனியாகச் சுற்றி ஃபிரீசரில் போடு, வேலையால் களைத்து வருகிற நாளுக்கு உதவும்.

படம் எடுத்து அனுப்பு. மேலேயிருந்து எடுக்காதே, வெட்டின பக்கத்தை எடு. அடுக்கை எண்ணிப் பார்க்கவேணும்.

அம்மா