நெல்லை எக்ஸ்பிரஸில் பிடிபட்ட படபடப்பு

அன்புள்ள குருவி,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று நம் ராணி சொன்னாள். உன் பையனுக்கு வேலை கிடைத்ததும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், இல்லையென்றால் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பாய். முழுசாகப் படி, அப்புறம் பேசு.

என் படபடப்பு என்னவென்று தெரிந்துவிட்டது. எஸ்விடி என்கிறார்கள், இதயம் திடீரென்று மிக வேகமாக அடிக்கிற நோய். பயமும் இல்லை, டென்ஷனும் இல்லை. இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையில் பிறவியிலேயே இருக்கிற ஒரு கோளாறு.

சித்தி பேரன் கல்யாணத்துக்காக நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை கிளம்பினேன், தனியாகத்தான். விருதுநகர் தாண்டியதும் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளக் குனிந்து நிமிர்ந்தேன். நிமிரும்போதே தொடங்கிவிட்டது. கழுத்து நரம்பு தடதடவென்று அடிக்கிறது, விரல் வைத்து நாடியை எண்ண முடியவில்லை. மகள் வாங்கித் தந்த வாட்ச் 190 காட்டியது. எதிர் சீட்டு அம்மா, ‘வாயுவா இருக்கும் தாயி’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார். பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் ஒன்றும் பேசாமல் 139-ஐ அழைத்துக் கோச் நம்பர், பெர்த் நம்பர் எல்லாம் சொன்னான். அப்புறம் டிடிஇயைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தான். மதுரை வரும்போது பிளாட்பாரத்தில் ஆள் தயாராக நின்றார்கள். பையன் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஈசிஜி, குருவி! இத்தனை வருடமாக நான் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடும். நின்றபின் எடுத்தால் கோடு சுத்தமாகத்தான் இருக்கும். ‘ஒன்றும் இல்லையம்மா, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை அந்தக் காகிதத்தைப் பார்த்த உடனேயே அந்தச் சின்னப்பெண் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்.

மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள், நிற்கவில்லை. பிறகு அடினோசின் என்று ஒரு ஊசி. ‘சில நொடி உயிர் போவதுபோல இருக்கும், பயப்படாதீர்கள், போய்விடும்’ என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் அந்தப் பெண். அப்படித்தான் இருந்தது. நெஞ்சை யாரோ அழுத்த, முகம் பற்றி எரிய, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்புறம் சட்டென்று ஒரு அமைதி. திரையில் 84.

அவர் விளக்கியது இது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் இடத்தில் சாதாரணமாக ஒரு வழிதான் வேலை செய்யும். எனக்கு இரண்டு, ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. ஊர் ரோட்டில் போன பஸ் பைபாஸ் வழியாகத் திரும்பி வந்து நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதுபோல, சில நேரம் துடிப்பு அந்த இரண்டுக்குள்ளும் மாட்டிச் சுற்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வகை இரண்டு மடங்கு அதிகமாம். நமக்கு இது வந்தால்தான் ‘பயந்த சுபாவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ‘தனியாகப் போனால் உனக்குப் பயம் வருகிறது’ என்று அண்ணனும் இவரும் சொல்லிச் சொல்லி, கொடைக்கானல் போகாமல் நின்றேன், ராணி மகள் வளைகாப்புக்கு வராமல் நின்றேன். பயத்தால் துடிப்பு வரவில்லை, துடிப்பால்தான் பயம் வந்தது. இதை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

சரி, இனிமேல் தனியாகப் போவாயா என்றுதானே கேட்கப் போகிறாய்? போவேன். போன வாரம்கூடத் திருச்சிக்குப் போய்வந்தேன். கைப்பையில் அந்த ஈசிஜியின் நகல், மாத்திரைப் பெயர்கள், மகள் நம்பர் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். கூடவே ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று. சிரிக்காதே, அதுதான் முதல் மருந்து. சாய்ந்து உட்கார்ந்து, அதன் உள்தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊத வேண்டும். ஊதி முடித்ததும் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலையும் இன்னொருவர் தூக்கிப் பிடிக்க இன்னொரு 15 நொடி. 2015-இல் இங்கிலாந்தில் 428 பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஊதிவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நின்றது, இப்படிக் காலைத் தூக்கியவர்களில் 43 பேருக்கு நின்றதாம். காசு இல்லை, மருந்து இல்லை.

ஆனால் காலை யார் தூக்குவது? தனியாகப் போகிறவளுக்கு அதுதான் பிரச்சினை. அதனால் ரயில் ஏறி உட்கார்ந்ததுமே பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுகிறேன்: ‘எனக்கு இப்படி ஒன்று உண்டு, வந்தால் காலை மட்டும் தூக்கிப் பிடியுங்கள்.’ முன்பின் தெரியாதவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டில் ஒரு இதய நோயாளி இருக்கிறார், அரை மணி நேரம் கதைதான். லோயர் பெர்த் கேட்டு வாங்குகிறேன், தண்ணீர் குறையாமல் குடிக்கிறேன், ராத்தூக்கம் கெட்டால் மறுநாள் பயணம் வைப்பதில்லை. கால் மணி நேரத்தில் நிற்காவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, அந்த நிமிடமே 139. ரோட்டில் என்றால் 108. ‘அடுத்த ஊர் வரட்டும்’ என்ற பேச்சே கிடையாது.

தொடை ரத்தக்குழாய் வழியாக வயர் விட்டு, அந்த மெதுவான பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சையும் இருக்கிறது. அப்லேஷன் என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாகிவிடுமாம். அபூர்வமாக நல்ல பாதையும் சேர்ந்து சுடப்பட்டால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். கொஞ்ச நாள் போகட்டும், செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். அதுவரை மாத்திரை.

இத்தனையும் எழுதியது உன் அக்காவுக்காக. அவளுக்கும் ‘நெஞ்சு அடிச்சுக்குது’ என்று தூக்க மாத்திரை கொடுத்துவருகிறார்களே, அவளிடம் மூன்று விஷயம் கேள். படிப்படியாகக் கூடுகிறதா, ஒரே துடிப்பில் ஆரம்பித்து அப்படியே ஒரே துடிப்பில் நிற்கிறதா? அடிக்கும்போது கழுத்திலும் துடிக்கிறதா? நின்றபின் அடிக்கடி சிறுநீர் போகிறதா? கடைசிக் கேள்வி உனக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படி ஆகும், யாரும் கேட்டதில்லை. இதய மேலறை விரிந்து ஒரு ஹார்மோன் சுரப்பதால் அப்படியாம். ஆமாம் என்றால், அடுத்த தடவை அடிக்கும்போது வீட்டில் படுக்க வைக்காதே, பக்கத்தில் எங்கே ஈசிஜி மெஷின் இருக்கிறதோ அங்கே கூட்டிக்கொண்டு ஓடு. இடம் எது என்று இன்றைக்கே பார்த்து வை. அவள் வயதுக்குக் கழுத்தைத் தேய்ப்பது கூடாது, கண்ணை அழுத்துவது யாருக்குமே கூடாது. யார் சொன்னாலும் கேட்காதே. சிரிஞ்ச் ஊதுவதும் டாக்டரைக் கேட்டபிறகுதான்.

இருபதாம் தேதி மதுரைக்கு ஒரு வேலையாக வருகிறேன். அன்று ராத்திரி உன் வீட்டில்தான் சாப்பாடு, எண்ணெய்க் கத்தரிக்காய் கட்டாயம். அக்காவையும் வரச்சொல், பழைய ஈசிஜி சீட்டுகளை எல்லாம் எடுத்து வரச்சொல்.

உன்
கமலா